ஒரே வீட்டில் மூன்று டயட்

அரசாங்க மருத்துவமனையில் 31 ஆண்டுகள் உணவியல் நிபுணராக இருந்து ஓய்வுபெற்ற நம் பினாங்கு அக்கா, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று டயட். கணவருக்கு வயது 52, பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி சூப்பர்வைசர். இனிப்பு நீர் இருக்கிறது. கிளினிக்கில் மெட்ஃபார்மின், கிளிக்லசைட் என்று இரண்டு மாத்திரை கொடுக்கிறார்கள். கூட வேலை செய்யும் ஒருவர் சொன்னார் என்று இரண்டு மாதமாகச் சோறு, ரொட்டி, தோசை எதையும் தொடுவதில்லை. முதல் பத்து நாளில் 3 கிலோ குறைந்தது. அப்புறம் அசையவே இல்லை. எனக்குக் கொலஸ்ட்ரால். எண்ணெய், தேங்காய்ப்பால், முட்டை, மீன் பொரியல் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். ரசம் சோறும் அவித்த காய்கறியும்தான். மாலை நான்கு மணிக்குப் பசி தாங்காமல் கிரீம் கிராக்கர். மூன்று மாதத்தில் எனக்கு ஒரு கிலோ ஏறியிருக்கிறது! மகளுக்கு 21. கைப்பேசியில் கலோரி எண்ணுகிறாள். ஒரு நாளைக்கு 1,200ஐத் தாண்டக்கூடாதாம். சோற்றைத் தராசில் எடை போட்டுத்தான் தட்டில் வைக்கிறாள். அவருக்குக் காலிஃப்ளவரைத் துருவிய ‘சோறு’, எனக்கு ரசம், அவளுக்குத் தனியாக ஒன்று. காலையில் அடுப்படிக்குள் நுழைந்தால் மதியம்தான் வெளியே வருகிறேன். மூவரில் யார் செய்வது சரி? இன்னொன்று, அவருக்கு வேலையிடத்தில் பதினொரு மணி வாக்கில் கை நடுங்கி வேர்க்கிறதாம். ஒரு தே தாரிக் குடித்தால் சரியாகிவிடுகிறது என்கிறார். தினமும் இரண்டு கிளாஸ் போகிறது. பழக்கமாகிவிட்டது போல.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தங்கச்சி, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதினீர்களே, பதினொரு மணி நடுக்கம், அதைத்தான் முதலில் எடுக்கப்போகிறேன். எடை காத்திருக்கும். இது காத்திருக்காது.

அது தே தாரிக் பழக்கம் இல்லை. ரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்குகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. கிளிக்லசைட் கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. வயிற்றுக்குள் சாப்பாடு வந்ததா இல்லையா என்று அது விசாரிப்பதில்லை. உங்கள் கணவர் தோசையோ ரொட்டி சானாயோ பசியாறிவிட்டு வேலைக்குப் போன காலத்தில் டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுத்த அளவு அது. இப்போது தோசை போய்விட்டது, மாத்திரை அப்படியே இருக்கிறது. பதினொரு மணிக்கு உடம்பு கையை நடுங்க வைத்துக் கூப்பிடுகிறது. அவரும் பாவம், தெரியாமலே சரியான மருந்தைக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

நடுக்கம் வரும்போது விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 4.0 mmol/Lக்குக் கீழே இருந்தால் சந்தேகமே வேண்டாம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் உட்கார்ந்து, மறுபடி பார்க்க வேண்டும். மிஷின் கையில் இல்லையா, முதலில் சீனித் தண்ணீரைக் குடிக்கட்டும். அந்த நேரத்தில் வண்டியை எடுக்கவே கூடாது. பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். அதன் நடுவில் கண் இருட்டினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. இந்த வாரமே கிளினிக்குக்குப் போய், “சோற்றை விட்டுவிட்டேன்” என்று வாயைத் திறந்து சொல்லட்டும். மாத்திரையைக் குறைப்பதும் மாற்றுவதும் டாக்டர் வேலை. இவராக ஒன்றைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்வது வேண்டாம். மெட்ஃபார்மினைத் தனியாகச் சாப்பிட்டால் பொதுவாக இப்படி இறங்காது. கிளிக்லசைட் மாதிரி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும்தான் இந்தச் சேட்டை செய்பவை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மாத்திரையின் பெயர் ‘கிளிஃப்ளோசின்’ என்று முடிந்தால், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி, டாக்டரைக் கேட்காமல் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தாதீர்கள். ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம், அதுவும் சீனி அளவு பெரிதாக ஏறாமலே. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் என்று வந்தால் வீட்டில் இருக்கக்கூடாது, நேரே மருத்துவமனைதான்.

சரி, இனி எடைக்கு வருவோம்.

முதல் பத்து நாளில் 3 கிலோ குறைந்தது என்று அவர் ஃபேக்டரி முழுக்கச் சொல்லியிருப்பார். நம் உடம்பு கொஞ்சம் மாவுச்சத்தைக் கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமித்து வைக்கிறது. மொத்தம் அரைக் கிலோ இருந்தால் அதிகம். ஆனால் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோற்றை விட்டதும் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் கூடவே போகிறது. தராசில் 2 கிலோ வரை இப்படியே குறைந்துவிடும். அது கொழுப்பு இல்லை. ஒரு வாழை இலைச் சாப்பாட்டில் பாதி திரும்பி வந்துவிடும்.

அப்புறம் ஏன் அசையவில்லை? அந்தக் கிளாஸைப் பாருங்கள். ஒரு தே தாரிக்கில் மூன்று மேசைக்கரண்டி டின் பால் விழுந்தால் அதிலேயே சுமார் 190 கலோரி, முப்பது கிராமுக்கு மேல் சீனி. இரண்டு கிளாஸ் என்றால் ஒன்றரைக் கிண்ணம் சோற்றில் இருக்கும் மாவுச்சத்து. தட்டிலிருந்து எடுத்த சோற்றைக் கிளாஸில் குடித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அவரைத் திட்டாதீர்கள். மாத்திரை சரியானால்தான் தே தாரிக்கை நிறுத்த முடியும். இந்த வரிசை மாறக்கூடாது.

சோற்றை விடுவது ஏதோ போன வருடம் வந்த நாகரிகம் என்று நினைத்துவிட வேண்டாம். லண்டனில் அரச குடும்பத்துக்கே இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்த வில்லியம் பேண்டிங் என்பவர், ரொட்டி, சீனி, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் விட்டு உடம்பு குறைந்த கதையை 1863இலேயே அச்சடித்து வெளியிட்டார்.

இப்போது உங்கள் ஒரு கிலோ. இதில் எனக்கும் பங்கு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் நோயாளிகளுக்கு ஒரு தாள் கொடுப்போம். மலாயில் அச்சடித்திருக்கும், தமிழில் நான் கையால் எழுதி ஒட்டுவேன்: எண்ணெய் வேண்டாம், தேங்காய் வேண்டாம், முட்டையில் மஞ்சள் வேண்டாம். கணக்கு என்னவோ சரிதான். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. எண்ணெயைக் குறைத்தால் கலோரி சீக்கிரம் குறையும் என்று நம்பினோம். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும் அக்காமார்கள் தாளில் இருந்த அத்தனையும் செய்திருப்பார்கள். எடை மட்டும் இறங்கியிருக்காது. “என்னம்மா சாப்பிடுறீங்க?” என்று கேட்டால், “ஒண்ணுமே இல்ல மிஸ்ஸி, வெறும் ரசம் சோறுதான், சாயங்காலம் மைலோவும் ரெண்டு பிஸ்கட்டும்” என்பார்கள். ரசம் சோறு எத்தனை தட்டு என்று கேட்க எனக்குப் பல வருடம் ஆனது. கொழுப்பும் புரதமும் இல்லாத சாப்பாடு வயிற்றில் நிற்காது. இரண்டு மணிக்குச் சாப்பிட்டது நான்கு மணிக்குக் காணாமல் போகும். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு மணிப் பசி அதேதான். அவர்கள் மேல் குறை இல்லை. எதை எடுக்க வேண்டும் என்று எழுதிய நான், அந்த இடத்தில் எதை வைக்க வேண்டும் என்று எழுதவில்லை.

அதனால் மீனைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கொலஸ்ட்ராலுக்கு நீங்கள் பயப்பட வேண்டியது நெய், தேங்காய்ப்பால், கொழுப்புள்ள ஆட்டிறைச்சி, திரும்பத் திரும்பப் பொரிக்கும் எண்ணெய் இவற்றுக்குத்தான். கெம்போங் மீனுக்கு இல்லை. சந்தையில் விலை மலிவு, நல்ல கொழுப்பு உள்ள மீன். குழம்பாக வையுங்கள். முட்டையும் வாரத்துக்குச் சிலது சாப்பிடலாம். மதியம் ஒரு துண்டு மீன், கை நிறையக் கீரை, ஒரு கிண்ணம் சோறு என்று சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, நான்கு மணிக்குக் கிரீம் கிராக்கர் டின் உங்களைக் கூப்பிடுகிறதா என்று சொல்லுங்கள்.

மகள் விஷயம். எண்ணுவது கெட்ட பழக்கம் இல்லை. இரண்டு வாரம் எண்ணினால் ரொட்டி சானாய் ஒன்று 300 கலோரி என்று தெரியும், கண் திறக்கும். ஆனால் அந்தச் செயலியில் ‘கோழிக் குழம்பு ஒரு கிண்ணம்’ என்று தட்டினால் ஒரு எண் வருகிறதே, அது யார் வீட்டுக் குழம்பு? உங்கள் சட்டியில் எத்தனை கரண்டி எண்ணெய் விழுந்தது என்று கைப்பேசிக்கு எப்படித் தெரியும்? ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. பிள்ளை சோற்றைப் பத்து கிராம் கூடாமல் எடை போடுகிறது, பத்து கிராம் சோறு 13 கலோரி! தராசை எண்ணெய்ப் பாட்டில் பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள்.

1992இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. நாளுக்கு 1,200 கலோரிக்குள்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை வைத்து உண்மையான அளவைக் கண்டுபிடித்தார்கள். எழுதி வைத்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சாப்பிட்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சுவைத்துப் பார்த்த கரண்டி, பிள்ளை மிச்சம் வைத்த ரொட்டி, சமைக்கும்போது வாயில் போட்ட வடை, இதையெல்லாம் யார் எழுதுவார்கள்? நானே எழுத மாட்டேன்.

உங்கள் மகளிடம் நான் கவனிக்கச் சொல்வது வேறு. 21 வயதுப் பெண்ணுக்கு 1,200 பெரும்பாலும் குறைவு. மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, முடி கொட்டுகிறதா, கோயிலில் அன்னதானம் என்றால் வர மறுக்கிறாளா, ஒரு முறுக்கு சாப்பிட்டதற்கு அழுகிறாளா என்று பாருங்கள். அப்படி இருந்தால் செயலியை அழித்துவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் எண்ணிவிட்டுப் போகட்டும், சீக்கிரமே அலுத்துவிடும்.

யார் செய்வது சரி என்று கேட்டீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கொழுப்பைக் குறைக்கவும் மறு பாதியை மாவுச்சத்தைக் குறைக்கவும் சொன்னார்கள். 2018இல் முடிவு வந்தது. ஒரு வருடத்தில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. யாரையும் கலோரி எண்ணச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் சொன்னது ஒன்று உண்டு: காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், சீனியையும் மைதாவையும் தள்ளுங்கள், முடிந்தவரை வீட்டில் சமையுங்கள். அதைச் செய்ததிலேயே இரு தரப்பும் தாமாக நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைத்துக்கொண்டார்கள். இன்னார் உடம்புக்கு இன்ன டயட் என்று மரபணுவை வைத்துச் சொல்ல முடியுமா என்றும் பார்த்தார்கள், முடியவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது சராசரி இல்லை. ஒரே டயட்டில் இருந்தவர்களுக்குள்ளேயே சிலர் 25 கிலோவுக்கு மேல் குறைந்தார்கள், சிலருக்கு ஏறியது. இரண்டு டயட்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் முக்கால் கிலோகூட இல்லை. ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசம் ஒரு மூட்டை அரிசி.

இதற்கு முன்னால், 2008இல், இஸ்ரேலில் 322 பேரை இரண்டு வருடம் பார்த்த ஆய்வில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 4.7 கிலோவும் கொழுப்பைக் குறைத்தவர்கள் 2.9 கிலோவும் குறைந்திருந்தார்கள். உங்கள் கணவர் இதை எடுத்துக்கொண்டு வரலாம், வரட்டும். இனிப்பு நீர் உள்ளவருக்கு மாவுச்சத்தைக் குறைப்பதில் நியாயம் உண்டு, சீனி அளவு இறங்கும். நான் எதிரி இல்லை. 2009இல் 811 பேரை வைத்து நான்கு விதமாகப் பிரித்துப் பார்த்த இன்னொரு அமெரிக்க ஆய்வில் நான்கும் ஒன்றுபோலத்தான் முடிந்தன. ஆலோசனைக் கூட்டத்துக்கு ஒழுங்காக வந்தவர்களுக்கு அதிகம் குறைந்தது. எந்த டயட் என்பதைவிட இரண்டாவது வருடத்திலும் அதில் இருக்கிறார்களா என்பதுதான் பேச்சு. காலிஃப்ளவர் சோற்றை உங்கள் கணவர் அடுத்த தீபாவளிக்கும் சாப்பிடுவார் என்று உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா? எனக்கு இல்லை.

ஆகவே மூன்று சமையல் வேண்டாம். ஒரே சட்டியில் கோழி பிரட்டல் வையுங்கள், தோலை உரித்துவிட்டு, மொத்தச் சட்டிக்கும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் போட்டு. ஒரு கீரை, ஒரு காய் பொரியல். சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செபாரோ’ கிளினிக் சுவரில் பார்த்திருப்பீர்கள்: தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்வாசி மீன் அல்லது இறைச்சி, கால்வாசி சோறு. மூவரும் அதே தட்டு. கணவர் சோற்றைப் பாதியாக்கிக் கீரையைக் கூட்டிக்கொள்ளட்டும், டாக்டரைப் பார்த்த பிறகு. நீங்கள் குழம்பின் மேலே மிதக்கும் எண்ணெயை விலக்கிவிட்டு ஊற்றிக்கொள்ளுங்கள். மகள் எண்ண வேண்டுமானால் எண்ணட்டும், ஆனால் தட்டை அவளே கழுவ வேண்டும்.

கேள்வி: அக்கா, மூன்று வாரத்தில் என் தங்கை கல்யாணம். 8 கிலோ குறைய எந்த டயட் நல்லது?
– பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: தையல்காரரைப் பாருங்கள். ரவிக்கையில் இரண்டு அங்குலம் பிரித்துவிடுவார்.

கேள்வி: நான் முழு சைவம், முட்டையும் இல்லை. மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். சோறும் பருப்பும் போனால் எனக்கு என்ன மிச்சம்?
– தண்ணீர்மலை, பினாங்கு

பதில்: பருப்பு ஏன் போக வேண்டும்? அதில் மாவுச்சத்து உண்டுதான், ஆனால் புரதமும் நாரும் சேர்ந்து வருகின்றன. போக வேண்டியது தட்டில் மலையாக இருக்கும் சோறு. நாம் மலேசியாவில் இருப்பது உங்களுக்கு யோகம்: தெம்பே இருக்கிறது. 100 கிராமில் 19 கிராம் அளவுக்குப் புரதம். நம்மவர்கள் அதை எண்ணெயில் முக்கிச் சம்பலாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். மெல்லிய வில்லைகளாக வெட்டி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு பிரட்டி, தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். தௌவும் (டோஃபு) பனீரும் உண்டு, ஆனால் பனீரில் கொழுப்பு நிறைய. சைவம் என்ற பெயரில் மாவில் செய்த ‘கோழி’, ‘மீன்’ விற்கிறார்களே, அதை வாங்குவதற்கு முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலிலிருந்து இறங்கி வரும் படிகளில் உங்களைப் பார்த்தால் நானே கேட்கிறேன். 513 படியும் ஏறிவிட்டு, கீழே வந்ததும் ஒரு கிளாஸ் சர்பத் குடிக்காதவரை நல்லது.

கேள்வி: வயது 38, உயரம் 165 செ.மீ., எடை 67 கிலோ. ஜிம்மில் இருக்கும் அட்டவணையில் நான் ‘நார்மல்’. மனைவி மட்டும் தொப்பை என்கிறாள். யார் சொல்வது சரி?
– செந்தூல், கோலாலம்பூர்

பதில்: மனைவி. உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 24.6. ஜிம் அட்டவணை வெள்ளைக்காரர்களுக்கான 25ஐ வைத்திருக்கும். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23இலேயே மணி அடிக்கிறது. கை கால் மெலிந்து வயிற்றில் மட்டும் சேர்வது நம் இனத்தின் வழக்கம், இனிப்பு நீரும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் வயதுவந்த மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. தராசை விட்டுவிட்டு இஞ்சு டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. பேன்ட் அளவைச் சொல்லி ஏமாற்ற முடியாது, அதைத் தொப்பைக்குக் கீழே இறக்கித்தானே கட்டுகிறீர்கள். டேப்பை மனைவி பிடிக்கட்டும்.